பேர் சொல்லி அழைக்கும் குரல்



யாருடைய நினைவாக இச்சொற்பொழிவு ஆண்டுதோறும் நிகழ்கின்றதோ அந்த ஆசிரியரை உங்களிற் பலர் நேரில் அறிந்தவர்கள். ஐந்து வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தி, ஒருவராகவே நின்று அத்தனை பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்த அந்த மனிதர், பாடசாலை விட்டபின் தம் வீட்டு முன்திண்ணையாகிய இஸ்தோப்பில் ஒரு பலகையைப் போட்டு அமர்ந்து, படிப்பறியாத ஜனங்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேறொரு உத்தியோகத்தையும் சம்பளமின்றிப் பார்த்துவந்தார். திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கடிதங்களோடு, பிற்காலத்தில் கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வந்த கடிதங்களும் அவர் கையிற் பிரிந்தன. நான் அப்போது அவருடைய மாணவனாகிய சிறுவன். மை தொட்டுக் கொடுப்பதும் உறை ஒட்டுவதும் என் வேலை. அவரிடம் ஒரு வழக்கத்தைக் கண்டேன். கடிதத்தைப் பிரித்தவுடன் உரக்கப் படிக்கமாட்டார். முதலில் தமக்குள்ளேயே ஆதியோடந்தமாக ஒருமுறை படித்துக்கொள்வார். அதில் சாவுச் செய்தி இருக்குமானால், முகத்தில் யாதொரு மாறுதலுமின்றி, "சோறு தின்னாச்சா, ஆத்தா?" என்று கேட்பார். இல்லை என்று பதில் வந்தால், "தின்னுட்டு வாங்க, எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு, வெளக்கு வச்சுப் படிப்போம்" என்று அனுப்பிவிடுவார். மலையிலே நாள் முழுவதும் கூடை சுமந்து திரும்பியவள் வயிற்றில் ஒன்றுமில்லாமல் அச்செய்தியைக் கேட்கலாகாது என்பது அவருடைய சித்தாந்தம். மனத்தைப் பற்றிய எந்தப் பெரிய நூலையும் அவர் வாசித்திருக்க மாட்டார். ஆயினும், ஒரு செய்தி எப்போது வரவேண்டும், யார் குரலில் வரவேண்டும், கேட்பவர் எந்த நிலையில் இருக்கும்போது வரவேண்டும் என்பவையெல்லாம் செய்தியின் பொருளைப் போலவே மனத்தைத் தாக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமும் அதுவே. மலையகத்து மனிதனுக்கும் உலகத்துக்கும் இடையே தொடர்புக் கருவிகள் பல காலந்தோறும் வந்து நின்றன. அவை நம் மனத்தை என்ன செய்தன, இப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

இம்மலைகளில் முதன்முதலில் நம் மூதாதையரின் சித்தத்தைக் கைப்பற்றிய கருவி அச்சுமன்று, மின்சாரமுமன்று, தப்பு என்னும் பறை. கோப்பிக் காலத்திலும், கோப்பி நோயுற்று அழிந்து தேயிலை வந்த பின்னரும், விடியுமுன்னே பனியைப் பிளந்துகொண்டு எழுந்த தப்பொலியே ஜனங்களைப் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது. அந்த ஒலிக்குத் தூக்கமும் கனவும் நோயும் பிள்ளையின் அழுகையும் சமானம். எல்லாவற்றையும் அது ஒரே வீச்சில் அறுத்தது. அழைத்த பின்னர் நடப்பது பேர் போடுதல். நம்மூர்ப் பேச்சிலே 'பேர்' என்றால் ஒரு நாளின் உழைப்பு என்று பொருள். வேறெந்தத் தமிழ்நிலத்திலும் அச்சொல்லுக்கு இப்படியொரு பாரத்தை ஏற்றியிருப்பார்களோ நானறியேன். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். "இன்னிக்கு எனக்கு அரைப் பேருதான்" என்று ஒரு தாய் மாலையில் சொல்லும்போது, அவள் கூலியைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆயினும், தன் பெயரிற் பாதி அழிக்கப்பட்டதாக நாள்தோறும் தன் வாயாலேயே சொல்ல நேர்ந்த ஒரு சமூகத்தின் மனத்தில் அச்சொல் என்ன வடுவை விட்டிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிக் கலங்கியிருக்கிறேன். நம் மக்களுக்கு வந்த ஒவ்வொரு புதிய கருவியையும், அது இம்மனிதனின் பெயரை முழுமையாகச் சொன்னதா, அல்லது பாதியாக அறுத்ததா என்ற கேள்வியை வைத்தே நான் அளக்கிறேன்.

அச்சு யந்திரம் இங்கே வந்தபோது, படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். துணி விற்பவர் வேஷத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நம் நிலையைக் கண்டறிந்த கோ. நடேசய்யர், பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் வெளியிட்டதோடு நில்லாமல், 1931-ஆம் ஆண்டில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் தொடங்கிய காலத்தில், அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் அதே செய்திகளைப் பாட்டாகக் கட்டி, ஜனங்கள் கூடுமிடங்களில் நின்று பாடினார். கடதாசியிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றாவிட்டால் அது நம் மக்களின் இதயத்துக்குள் நுழையாது என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

குரலென்றதும் வானொலியின் ஞாபகம் வருகிறது. இங்கே சற்று அதிக நேரம் தங்க அனுமதி கேட்கிறேன், ஏனெனில் என் பால்யமே அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் திகதி கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952-இல் இந்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாடல்களை விலக்கிவைக்க, கடலுக்கு அப்பாலிருந்த கோடிக்கணக்கான செவிகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் ராமநாதபுரத்துத் திண்ணைகளிலும் எங்கள் லயத்து இஸ்தோப்பிலும் ஒரே கணத்தில் ஒலித்தன. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்களுக்கு ஒரேயொரு வானொலிப் பெட்டி. அதன் சொந்தக்காரர் அதைத் தம் வாசலில் ஒரு முக்காலியின்மேல் வைப்பார். நாங்கள் படங்கை விரித்து அதைச் சுற்றி அமர்வோம். ஒரு பாட்டுக்கு ஒரு கிழவி அழுதால் பக்கத்திலிருந்தவள் அவள் தோளைத் தொடுவாள். நாடகத்தில் கொடியவன் பேசினால் அத்தனைபேரும் சேர்ந்து வைவோம். கேட்ட விஷயம் தனித்தனிச் செவிகளில் விழுந்தாலும், அதனால் எழுந்த துக்கமும் சந்தோஷமும் பொதுச் சொத்தாக இருந்தன.

1956-ஆம் ஆண்டு டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுபவரோடு, அவரை ஒருபோதும் சந்தித்திராத நேயர் கொள்ளும் ஒருதலைச் சிநேகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பேசுபவர் தம்மை அறியார் என்று நேயருக்குத் தெரியும். தெரிந்தும், அக்குரல் தம்மோடு மாத்திரம் பேசுவதாகவே மனம் கொள்ளும். எங்கள் லயத்திலும் அதுவே நிகழ்ந்தது; ஆனால், அக்கட்டுரையாளர் கண்டிராத ஒரு விசேஷம் எங்களுக்கு இருந்தது. நேயர் விருப்பம் என்னும் நிகழ்ச்சியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. தபாலட்டையில் எழுதி அனுப்பினால், என்றேனும் ஒரு நாள் நம் பெயரும் நம் தோட்டத்தின் பெயரும் அந்த மகத்தான குரலில் முழுமையாக உச்சரிக்கப்படும். அரைப் பேர் போட்ட கணக்குப் புத்தகத்துக்கும், ஆள் இலக்கம் கூவிய பிரட்டுக்கும் அப்பால், நம் பெயரை மரியாதையோடு சொல்லும் ஓரிடம் உலகில் உண்டு என்ற நம்பிக்கையை அது தந்தது. என் பெயர் ஒரு நாள் வாசிக்கப்பட்டபோது, அடுப்பிலிருந்த ரொட்டி கருகுவதையும் மறந்து என் தாயார் வாசலில் வந்து நின்ற காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம்மவரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. தமையன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாகப் பிரிந்த குடும்பங்கள் ஹட்டன் புகையிரத நிலையத்தில் கதறிய கதறலை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். போனவர்கள் நீலகிரித் தேயிலைக் காடுகளில் குடியேறிய பின்னரும், மாலையானால் அங்கேயும் இங்கேயும் அதே இலங்கை வானொலியே கேட்டது. "இந்தப் பாட்டை எம் மகளும் இப்ப கேட்டுக்கிட்டிருப்பா" என்று ஒரு தாய் சொல்லிக்கொண்டு உறங்கப் போனாள். பிரிவுத் துயரை அந்தப் பெட்டி போக்கவில்லை. ஆனால் தாங்கத்தக்க அளவுக்கு அதைத் தணித்தது. ஒரே நேரத்தில் ஒன்றைக் கேட்கிறோம் என்ற உணர்வு மனத்துக்கு எத்தகைய ஔஷதம் என்பதை நான் அன்றே கண்டேன்.

தொலைக்காட்சியைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. 1982-இல் ரூபவாஹினி தொடங்கிய பின், மின்சாரமில்லாத லயங்களில் கார் பற்றரியைத் தலையில் சுமந்து பட்டணத்துக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிவந்து படம் பார்த்தோம். காசு சேர்த்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்தோம். பிறகு ஒவ்வொரு கூரையிலும் ஒரு வட்டத் தட்டு முளைத்தது. கூட்டம் இஸ்தோப்பிலிருந்து காம்பராவுக்குள் போயிற்று. பன்னிரண்டு குடும்பத்தின் கேள்வி ஒரு குடும்பத்தின் காட்சியாகச் சுருங்கிற்று. அடுத்து வந்த கருவி குடும்பத்தையும் பிரித்து ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக அமர்ந்தது.

கைத்தொலைபேசியை நிந்திப்பதற்கு முன், அது நமக்கு எதைக் கொடுத்தது என்று சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லாத எந்த உபதேசமும் நம் பிள்ளைகளின் செவியில் ஏறாது. தோட்டத்து லயத்துக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. தபால் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து யார் கையிலோ எப்போதோ நம்மை வந்தடையும், அல்லது அடையாமலே போகும். என் தம்பிக்கு ஓர் உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து எட்டு நாள் சென்றபின் கைக்கு வந்தது. அந்தக் கடிதத்தை அவன் இறக்குமட்டும் பெட்டியின் அடியில் வைத்திருந்தான். இத்தகைய அனுபவம் வீட்டுக்கு வீடு உண்டு. தலைமுறை தலைமுறையாக முகவரியில்லாமல் வாழ்ந்த ஒருவனுக்கு, நேரே அவனையே வந்தடையும் முதல் முகவரியாகக் கைத்தொலைபேசி இலக்கம் கிடைத்தது. மேற்பார்வையாளர் எவர் கையையும் கடவாமல், அவன் பெயருக்கே ஒரு செய்தி வருகிறது.

இன்னுமொன்றும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டிய காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்கிறது. அங்கே ஓர் இளம்பெண் அழவேண்டுமானால் எங்கே போய் அழுவாள்? பரீட்சையில் தவறிய பையன் தன் அவமானத்தை எந்த மூலையில் வைத்துக்கொள்வான்? ஏகாந்தம் என்பது வசதியுள்ளோர்க்கு வாய்க்கும் பாக்கியம். நம் பிள்ளைகளுக்குப் போர்வைக்குள் ஒளிரும் அந்தக் கையகலத் திரையே, உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே அறை. மேல்நாட்டு அறிஞர் பலர் இக்கருவி கூடியிருந்தவர்களைத் தனியராக்கிற்று என்று வருந்துகிறார்கள், அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் ஒருபோதும் தனித்திருக்க இடமில்லாதவனுக்கு அதே கருவி முதல் தனிமையைக் கொடுத்தது என்பதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கவேண்டும். பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கும் தகப்பன், தான் ஒரு விளையாட்டுப் பொருளைப் பிடுங்குவதாக நினைக்கிறான். பிள்ளைக்கோ, இருந்த ஒரே அறையிலிருந்து தெருவில் தள்ளப்பட்டது போலிருக்கிறது. அச்சமயத்தில் அப்பிள்ளை கொள்ளும் ஆவேசத்தைத் திமிர் என்று எண்ணி அடிப்பதற்கு முன், பெற்றோர் இதைச் சிந்திக்கவேண்டுமென்று மன்றாடிக் கேட்கிறேன்.

சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போன தாய்மார் இம்மலைநாட்டிலிருந்து எத்தனையோ பேர். வெள்ளிக்கிழமை வேலை ஓய்ந்த நேரத்தில் இமோ செயலியில் அழைத்து, சுவரோரம் சாய்த்துவைத்த திரைக்கு முன் பிள்ளையை உட்காரச் சொல்லி, அது உண்ணுவதைப் பார்த்துக்கொண்டேயிருக்கும் தாயை நான் கண்டிருக்கிறேன். அக்காலத்துக் கடிதம் ஒரு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்த அன்பை, இக்கருவி நாள்தோறும் கொண்டுவருகிறது. எனினும், ஒரு பாட்டி என்னிடம் சொன்னாள்: "கூப்பிட்டு முடிஞ்சப்பெறகுதான் புள்ள அதிகமா அழுவுது, சேர்." தாயின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது, தொட்டால் கண்ணாடி. பிரிவுக்கு ஒரு வடிவமிருந்தால் மனம் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பிரிவும் சேர்க்கையும் நாள்தோறும் மாறிமாறி வந்தால் குழந்தை எதற்குப் பழகும்? இதற்கு என்னிடம் முடிந்த முடிபு இல்லை. அழைப்பு முடிந்தவுடன் பிள்ளையைத் தனியே விடாமல் யாராவது மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரம் அப்பாட்டியிடம் சொன்னேன்.

இனி இக்கருவியின் உள்யந்திரத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரும் அவர் சகா பெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட பெருநூல் ஒன்று, புறாக்களை வைத்து நடத்திய பரிசோதனைகளை விவரிக்கிறது. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்தால் புறா வேண்டியமட்டும் கொத்தி ஓய்கிறது. எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தாலோ, அது ஓயாமல் கொத்துகிறது. வருமோ வராதோ என்ற சஞ்சலமே ஆகர்ஷணமாகிவிடுகிறது. 2006-இல், பக்கத்துக்கு முடிவே இல்லாதபடி விரலால் இழுக்க இழுக்கப் புதியது வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை ஏசா ராஸ்கின் என்பவர் உருவாக்கினார்; 2009-இல் பேஸ்புக்கில் விருப்பக் குறி வந்தது; இன்று டிக்டொக் வரை எல்லாம் அந்தப் புறாக்கூண்டின் தத்துவத்தையே பின்பற்றுகின்றன. கடிதத்துக்குக் கடைசி வரி உண்டு. வானொலிக்கு நிலையம் மூடும் நேரம் உண்டு. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. போதும் என்று மனத்துக்குச் சொல்லும் எல்லைக்கல்லைப் பிடுங்கியெறிந்த முதல் ஊடகம் இதுவே.

கொழுந்து மடுவத்தில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு வேறொரு விதமாகச் சொல்கிறேன். கூடை தராசில் ஏறும்போது நெஞ்சு படபடக்கும். எத்தனை கிலோ, எவ்வளவு கழிப்பார்கள் என்று. ஆயினும், அந்த நிறுவை நாளில் இரண்டு மூன்று முறையோடு முடிந்தது, நிறுக்கப்பட்டது கொழுந்து. தாயின் முதுகிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு, படித்துக் கொழும்புக்குப் போய்க் கடையிலோ காரியாலயத்திலோ வேலைக்கமர்ந்த பிள்ளை, இப்போது தன் முகத்தையே மணிக்கு நூறு முறை தராசில் ஏற்றுகிறான். லியோன் பெஸ்டிங்கர் 1954-இல் விளக்கியபடி, தன்னை அளக்க வேறு கோலில்லாதபோது மனிதன் பிறரோடு ஒப்பிட்டே தன்னை அளக்கிறான். அயல் லயத்துப் பையனோடு ஒப்பிட்டவரை அது பொறுக்கத்தக்கதாயிருந்தது. இன்று அவன் ஒப்பிடுவது உலகத்திலுள்ள அழகான முகங்களோடும் அலங்கரித்த வீடுகளோடும். தோட்டத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் இகழ்வார்களென்று அஞ்சி, ஊர்ப் பெயரை மறைத்து 'கண்டி' என்றோ 'கொழும்பு' என்றோ தன் பக்கத்தில் எழுதும் பிள்ளைகளை நான் அறிவேன். லயத்துச் சுவர் தெரியாதபடி தேயிலைச் செடியை மாத்திரம் பின்னணியாக வைத்துப் படமெடுக்கிறார்கள். அப்படம் பாராட்டுப் பெறும்போது பாராட்டுப் பெறுவது யார்? மறைக்கப்பட்ட பாதி இருளிலேயே நிற்கிறது. கணக்கப்பிள்ளை போட்ட அரைப் பேரைத் தாங்கிய தாயின் மகன், தனக்குத் தானே அரைப் பேர் போட்டுக்கொள்கிறான்.

இவையனைத்தாலும் ஒரு தலைமுறையே மனநோய்ப்பட்டுவிட்டது என்று முழங்குவோரோடு நான் சேரமாட்டேன். எமி ஓர்பன், அன்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகியோர் 2019-இல் மிகப் பெருந்தொகையான இளைஞர்களின் தரவுகளை ஆராய்ந்து, இக்கருவிகளின் பிரயோகத்துக்கும் இளையோர் நலத்துக்கும் உள்ள தொடர்பு ஆயிரத்தில் நான்கு பங்குக்கு மேற்படாதென்று காட்டினார்கள். சராசரி என்ற மட்டில் அம்முடிவை மதிக்கிறேன். ஆனால் ஆசிரியனாக நான் சராசரியை ஒருநாளும் வகுப்பில் சந்தித்ததில்லை. சந்தித்தது ஒவ்வொரு பிள்ளையையும். நன்மையையும் கண்ணாரக் கண்டேன். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் திகதி, நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென்று காலிமுகத்திடலில் கறுப்புடை அணிந்து திரண்ட மலையக இளைஞர்களைக் கூட்டியது பெரும்பாலும் இந்தச் சமூக ஊடகமே. அன்று அங்கு நின்றவர் எவரும் ஊர்ப் பெயரை மறைக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், நமக்கு அயலிலுள்ள திகனவில் முஸ்லிம் மக்களுக்கு எதிராகத் தீ வைத்தோரின் வெறியை மூட்டியதிலும் அதே ஊடகத்துக்குப் பங்கிருந்தது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் அதற்காக வருத்தம் தெரிவித்தது. பெருந்தொற்றுக் காலத்தில், ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுவழி நடந்து பாறையின் உச்சியில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். நம் தோட்டங்களிலும் மரத்தின்மேலும் தண்ணீர்த் தாங்கியின்மேலும் ஏறிய பிள்ளைகள் உண்டு. அலைவரிசை கிடைக்காத பிள்ளையின் மனத்தில், தன்னை விட்டுவிட்டு உலகம் போய்விட்டது என்ற ஏக்கம் எத்தனை ஆழமாகப் பதிந்தது என்பதைப் பள்ளி திறந்தபின் அவர்கள் முகத்தில் கண்டேன்.

ஆகையால் பிள்ளைகளுக்கு 'மனக்கட்டுப்பாடு வேண்டும்' என்று உபதேசித்துவிட்டு வீட்டுக்குப் போவது போதாது என்பதே என் அபிப்பிராயம். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1995-ஆம் ஆண்டளவில், ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட நாடாக இலங்கை உலகின் முன்வரிசையில் நின்றது. நம் தோட்டங்களில் அதனால் இருண்ட வீடுகளை நாமறிவோம். அப்போதும் மனவுறுதியைப் பற்றிய உபதேசங்கள் ஏராளமாயிருந்தன. அரசாங்கம் 1995-இலும் அதன் பின்னரும் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தையிலிருந்து விலக்கிற்று. பத்தே ஆண்டில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. 1998-இல், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் சட்டமும் நீங்கிற்று. அந்தப் பத்தாண்டில் நம் ஜனங்களின் துயரம் பாதியாகக் குறைந்துவிட்டதா? போர் நடந்தது, வறுமை இருந்தது, குடியும் கடனும் இருந்தன. மனத்தில் இருள் கவியும் அந்தச் சில நாழிகையில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பது மாத்திரம் மாறியது. அந்த நாழிகை கடந்தபின் மனிதர் பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்தவர்கள் பிள்ளை பெற்று வளர்த்து இந்த மண்டபத்திலும் அமர்ந்திருக்கக்கூடும்.

அவ்வாறாயின், நள்ளிரவில் உறக்கமின்றித் தவிக்கும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இன்று எது இருக்கிறது என்று கேட்பது நம் கடமை. முடிவில்லாமல் உருளும் திரை, அவமதிக்கும் வார்த்தைகள், ஒரு பெண்ணின் படத்தைத் திருடி மிரட்டும் கயவன்: இவையெல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மறுபுறம், 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகம் நடத்தும் உதவிச் சேவை இருக்கிறது. 1974-இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற உதவி அமைப்பும் இருக்கிறது. 1926 என்ற அந்த இலக்கம் எத்தனை லயத்துச் சுவரில், எத்தனை பாடசாலைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது? அழைக்கும் பிள்ளை நம் மலையகத் தமிழில், 'மனசு சரியில்ல' என்ற ஒரே சொற்றொடரில் எல்லாவற்றையும் சொல்ல முயலும்போது, அதன் உட்பொருளை அறியும் செவிகள் மறுமுனையில் எத்தனை? நம்மவரில் படித்து முன்னேறிய பெண்களும் ஆண்களும் இத்துறையைத் தேர்ந்து பயிலவேண்டுமென்று இம்மேடையிலிருந்து கேட்கிறேன். கருவியைச் செய்யும் நிறுவனங்களைப் பொறுத்தவரை, கொடிய நஞ்சை விற்றவர்களிடம் எந்த நியாயத்தைக் கேட்டோமோ அதே நியாயத்தைக் கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

பேசும் யந்திரங்களைப் பற்றியும் இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற விஞ்ஞானி, எழுதியதைத் திருப்பிக் கேள்வியாக்கும் எலைசா என்ற எளிய நிரலை அமைத்தார். அதற்கு ஒன்றும் புரியாது என்பதை அறிந்திருந்த அவருடைய காரியதரிசியே, தாம் அதனோடு தனியே பேசவேண்டும், அறையை விட்டுப் போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். கேட்பதற்கு ஆளில்லாத நெஞ்சு எதனிடமும் பேசும். இன்றைய யந்திரங்கள் தமிழிலும் இதமாகப் பதில் சொல்கின்றன. என் மாணவி ஒருத்தி தன் தகப்பனாரின் குடியைப் பற்றி அத்தகைய ஒரு யந்திரத்திடமே முதலில் சொன்னதாகச் சொன்னாள். நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் அதனிடம் சொன்னது, எங்களில் ஒருவரிடமும் சொல்ல முடியாமற் போனதனால். அந்த வெட்கம் எங்களுடையது.

தரம் பதினொன்றில் படிக்கும் வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். அவள் வாழும் லயத்தில் முதியோருக்கு வரும் குறுஞ்செய்திகளையும் வட்ஸ்அப் செய்திகளையும் அவளே படித்துச் சொல்கிறாள்: வங்கியிலிருந்து, கடன் கொடுத்த கம்பனியிலிருந்து, வைத்தியசாலையிலிருந்து, கடல்கடந்த பிள்ளைகளிடமிருந்து வருபவை. சென்ற மாதம், பக்கத்துக் காம்பராக் கிழவியின் மகன் கட்டாரில் விபத்துக்குள்ளான செய்தி முதலில் அவள் கண்ணில்தான் பட்டது. கிழவி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய காலைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். என்ன செய்வதென்று தெரியாமல், கைத்தொலைபேசியை மார்போடு அணைத்தபடி, நனைந்த பாதையில் ஓடி அப்பெண் என்னிடம் வந்தாள். நான் நம் ஆசிரியரின் இஸ்தோப்பையும், அவர் முதலில் தமக்குள்ளே படிப்பதையும், சோறு தின்னாயிற்றா என்று கேட்பதையும் அவளுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"சாப்பிட்டு முடிச்சப்பெறகு உடனே சொல்லிருவாரா, சேர்?"

"இல்லம்மா. கை கழுவிட்டு வந்து உக்கார வைப்பாரு. கூட இன்னொரு பொம்பளையையும் கூப்பிட்டு உக்கார வைப்பாரு. அப்பறந்தான் வெளக்கப் பத்தவைப்பாரு."

அவள் தலையசைத்துவிட்டு, தன் தாயை அழைக்க லயத்துப் பக்கம் ஓடினாள்.